உடம்புக்குள் போன ஈயம்

ஈயத்துக்கு மனித உடம்பில் ஒரு வேலையும் கிடையாது. இரும்பு இல்லாவிட்டால் ரத்தம் ஊறாது. துத்தநாகம் இல்லாவிட்டால் பல நொதிகள் ஓடாது. செம்புகூடத் துளி வேண்டும். ஈயம், பாதரசம், காட்மியம், தாலியம், ஆர்செனிக் இவையெல்லாம் துளிகூட வேண்டாம். (ஆர்செனிக் முழு உலோகம் இல்லை, அரை உலோகம். விஷக் கணக்கு எழுதும்போது மட்டும் அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள்.)

இவை கெடுதல் செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். உடம்பின் புரதங்களில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் உண்டு. கன உலோகங்களுக்குக் கந்தகம் என்றால் கொள்ளை ஆசை. போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் புரதம் முடங்கிப்போகும். ஈயம் இதோடு நிற்பதில்லை, கால்சியம் வேஷமும் போடும். கால்சியம் போகும் வழியிலேயே குடலில் நுழையும், நரம்பு முனைகளில் கால்சியம் பார்க்க வேண்டிய வேலையைக் கெடுக்கும், கடைசியில் எலும்பில் போய்ப் படியும்.

படிந்தால் லேசில் வராது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் இருப்பது பாதியாக இருபது, முப்பது வருஷம் ஆகும். பெரியவர்கள் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் கிடக்கும். சின்ன வயசில் சேர்ந்தது, கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பு கரையும்போது மறுபடி ரத்தத்துக்கு வந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும்.

அடி அதிகம் படுவதும் குழந்தைகள்தான். பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் குடலில் ஏறும். குழந்தைக்குப் பாதிவரை ஏறும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக ஏறும். தவழும் வயசில் கை தரையில் இருக்கும், இல்லாவிட்டால் வாயில் இருக்கும் (இரண்டுக்கும் நடுவே அதற்கு வேறு வேலை கிடையாது). தரைப் புழுதியில் ஈயம் இருந்தால் அது நேரே வயிற்றுக்குத்தான்.

அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் பெட்ரோல்தான் பெரிய வழி. இந்தியாவில் 2000-இல் அது நின்றது. வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் அடித்த பெயின்ட் சுவரில் உரிந்துகொண்டுதானே இருக்கிறது? பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறை, கலப்படக் குங்குமம், கண்ணுக்கு இடும் சுர்மா, உலோகம் சேர்த்த நாட்டு மருந்து என்று பட்டியல் நீளும். பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. புடம் போட்டால் விஷம் முறிந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு அந்த வாதம் புரிவதில்லை.

மஞ்சள் தூளும் இந்தப் பட்டியலில் உண்டு. கிழங்கு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஈயக் குரோமேட் பூசுவார்கள். வங்கதேசத்தில் இது பெரிய பிரச்சினையாக இருந்தது. அரசு சந்தைகளில் சோதனை போட்டு, அபராதம் விதித்து, வியாபாரிகளிடம் எடுத்துச் சொன்னது. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம், 2021-இல் பூஜ்யம். ஒரு மாத்திரைகூடச் செலவில்லை.

(ரசம் வைக்கும் ஈயச்சொம்பைப் பற்றி இந்த இடத்தில் சந்தேகம் வரும். அது செய்யப்படுவது வெள்ளீயத்தில். ஈயம் வேறு, வெள்ளீயம் வேறு. சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. விலை மலிவு என்று அதில் ஈயத்தைக் கலந்திருந்தால் புளித்தண்ணீர் அதைக் கரைத்து எடுக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.)

அறிகுறிகளை நம்பி உட்கார முடியாது என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம். வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், சோர்வு, தலைவலி, ரத்தசோகை. இவை எந்த நோய்க்கும் வரும். ஈயத்தால் வந்த வயிற்று வலியைக் குடல்வால் அழற்சி என்று எண்ணிக் கத்தி வைத்ததும் உண்டு. பெரியவர்களுக்கு அளவு கூடினால் மணிக்கட்டு தொங்கிவிடும். ஈறு ஓரமாக நீலக் கறுப்பில் ஒரு கோடு சிலருக்குத் தெரியும். குழந்தைக்கு ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 70, 100 மைக்ரோகிராம் என்று ஏறும்போது வலிப்பு, மயக்கம், மூளை வீக்கம் வரலாம். அதற்கும் கீழே, வெளியே ஒன்றும் தெரியாமலே, படிப்பும் கவனமும் குறையும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆகவே ரத்தப் பரிசோதனைதான். கை நரம்பில் எடுத்த ரத்தம் வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் தூசியே கணக்கைக் கெடுத்துவிடும், அது முதல் சல்லடைக்கு மட்டும் சரி. ரத்த அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் நீலப் புள்ளிகள் தெரியலாம். பிள்ளை பெயின்ட் துகளோ ஈயக் குண்டோ விழுங்கியிருந்தால் வயிற்று எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பளிச்சிடும்.

இனி சிகிச்சை. முதல் மருந்து, வீட்டைத் தேடுவது.

இது பேச்சுக்குச் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி, ரத்த ஈயம் 5 மைக்ரோகிராமை எட்டினாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. மருந்து கொடுக்கும் கோடு குழந்தைக்கு 45. நடுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் சிகிச்சை என்பது மூலத்தை அகற்றுவது, இரும்பு, கால்சியம் குறை இருந்தால் சரிசெய்வது, தரையை ஈரத்துணியால் துடைப்பது, பட்டறைக்குப் போகும் அப்பா வேலைத் துணியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது. (ஈரத்துணி முக்கியம். விளக்குமாற்றால் பெருக்கினால் ஈயத் தூசி எழும்பி மறுபடி மூக்கிலும் தட்டிலும் இறங்கும்.) குடலில் துகள் தெரிந்தால், உடம்பில் ஏறுவதற்குமுன் குடலைக் கழுவி வெளியேற்றுவார்கள்.

45-ஐத் தாண்டினால்தான் கீலேஷன். உலோகத்தை நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் கவ்வி, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீரில் தள்ளிவிடும் மருந்துகள் இவை.

இந்த மருந்துகளின் கதை போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது. லூயிசைட் என்று ஒரு போர்வாயு. அதில் இருப்பது ஆர்செனிக், பட்டால் தோல் கொப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இதை வீசினால் என்ன செய்வது என்ற பயம் பிரிட்டனுக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ், லாயிட் ஸ்டாக்கன், ராபர்ட் தாம்ப்சன் ஆகியோர் ஆர்செனிக் புரதத்தின் இரண்டு கந்தக முனைகளை ஒருசேரப் பிடிக்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கந்தக முனை உள்ள ஒரு சின்ன மூலக்கூறைக் கொடுத்தால், ஆர்செனிக் புரதத்தை விட்டுவிட்டு இதன்மேல் தாவாதா? தாவியது. 1945-இல் விவரம் வெளியானது. அதுதான் டைமெர்கப்ரால், இன்னொரு பெயர் பிஏஎல். போருக்குத் தேவைப்படாமல், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

நல்ல மருந்து, ஆனால் கொடுமையான ஊசி. கடலை எண்ணெயில் கரைத்து, தசைக்குள் ஆழமாகப் போட வேண்டும். போட்ட இடம் விண்விண்ணென்று தெறிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், வாந்தி வரும். கடலை ஒவ்வாதவர்களுக்குக் கூடாது. அதனால் இன்று உயிருக்கு ஆபத்தான நிலைக்குத்தான் இதை எடுக்கிறார்கள்.

இரண்டாவது மருந்து சாயப்பட்டறை வழியாக வந்தது. துணிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரில் இருக்கும் கால்சியம் தொல்லை கொடுக்கும். அதைக் கட்டிப்போட 1930-களில் ஜெர்மனியில் உருவானது இடிடிஏ. (இன்றைக்கும் ஷாம்பு, மயோனைஸ் பாட்டில்களின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.) 1950-களின் தொடக்கத்தில் ஈய விஷத்துக்கு இது வந்தது. சும்மா கொடுத்தால் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும் என்பதால், முன்கூட்டியே கால்சியம் ஏற்றிய வடிவத்தைக் கொடுக்கிறார்கள். உடம்புக்குள் போனதும் அது கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடிக்கும். 70-ஐத் தாண்டிய, அல்லது மூளை பாதித்த குழந்தைக்கு முதலில் டைமெர்கப்ரால், நாலு மணி நேரம் கழித்து இடிடிஏ. இந்த வரிசை மாறக் கூடாது. இடிடிஏ தனியாகப் போனால் மற்ற இடங்களில் இருக்கும் ஈயத்தைக் கிளப்பி மூளைக்கு அனுப்பிவிடும் அபாயம் உண்டு.

மூன்றாவது, வாயால் கொடுக்கும் டிஎம்எஸ்ஏ. சக்சிமர் என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1991-இல் குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்தது. ஐந்து நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம், பிறகு பதினாலு நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், ஆக 19 நாள். கந்தக மருந்து, ஆகையால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். மாத்திரை முழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் கேப்சூலைப் பிரித்துச் சோற்றிலோ பழத்திலோ கலந்து ஊட்ட வேண்டும். ஊட்டுகிற அம்மாவின் பாடு தனிக் கதை. டி-பெனிசிலமைன் என்று பழைய மருந்து ஒன்றும் இருக்கிறது. டிஎம்எஸ்ஏ கிடைக்காத இடத்தில் அதைக் கொடுப்பார்கள். ஆனால் பக்கவிளைவு கூடுதல்.

மருந்து முடிந்ததும் ரத்த ஈயம் மளமளவென்று இறங்கும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஏறும். யாரும் ஏமாற்றவில்லை, எலும்பில் கிடந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். அதனால் இடைவெளி விட்டு மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. வீட்டில் ஈயம் இருந்துகொண்டே இருந்தால் எத்தனை சுற்றும் வீண். சில கீலேஷன் மருந்துகள் குடலில் இருக்கும் ஈயத்தை உடம்புக்குள் கூடுதலாக ஏற்றிவிடவும் கூடும்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டியது நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலம். தங்கம் விலை ஏறியபோது அங்கே கிராமத்தார் தங்கத் தாதுவை வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்றத்திலேயே உடைத்து அரைத்தார்கள். தானியம் அரைக்கும் இயந்திரங்களே தாதுவையும் அரைத்தன. அந்தத் தாதுவில் தங்கத்தோடு ஈயமும் ஏராளம். 2010 தொடக்கத்தில் எல்லையில்லா மருத்துவர்கள் அமைப்பினர் குழந்தைகள் வலிப்பு வந்து கொத்துக்கொத்தாகச் சாவதைக் கவனித்தார்கள். ஊர் அதை மலேரியா என்று நினைத்திருந்தது. அப்புறம் டாரெட்டா, யார்கால்மா என்ற இரண்டு கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கு எடுத்தார்கள். ஐந்து வயசுக்கு உட்பட்ட 463 குழந்தைகளில் 118 பேர் முந்தைய ஒரு வருஷத்துக்குள் இறந்திருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் 204 பேருக்கு ரத்தம் பார்த்ததில் 97 சதவீதம் பேர் 45-க்கு மேல்.

அங்கே மருந்தை மட்டும் கொட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. முற்றங்களின் மேல்மண்ணை வெட்டி அள்ளி, தூரத்தில் புதைத்து, நல்ல மண்ணைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். சுத்தம் செய்த கிராமத்துக் குழந்தைக்குத்தான் டிஎம்எஸ்ஏ. பகேகா என்ற பெரிய கிராமத்துக்கு அரசுப் பணம் வந்து சேரத் தாமதமாயிற்று. மண் வேலை 2013-இல்தான் நடந்தது. அதுவரை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மருந்தும் கிடையாது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஈரமில்லாத விதியாகத் தோன்றலாம். ஆனால் மருந்து தந்து, அதே புழுதியில் திரும்ப விடுவதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. சம்ஃபாராவில் ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்த 3,180 டிஎம்எஸ்ஏ சுற்றுகளின் விவரம் 2014-இல் வெளியானது. கிராமப்புறத்தில், பெரிய ஆஸ்பத்திரி வசதி இல்லாத இடத்தில், இந்த மருந்தை இவ்வளவு பேருக்குப் பத்திரமாகக் கொடுக்க முடியும் என்று அதற்குமுன் யாருக்கும் தெரியாது.

சாவைத் தடுக்க முடியும். ஏற்கெனவே போன புத்தியைத் திருப்ப முடியுமா? அமெரிக்காவில் 20 முதல் 44 வரை ரத்த ஈயம் இருந்த 780 குழந்தைகளில் ஒரு பாதிக்கு டிஎம்எஸ்ஏ, மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஈயம் இறங்கியது. மூன்று வருஷம் கழித்து அறிவுத்திறன் சோதனையில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. ஏழு வயசில் மறுபடி பார்த்தபோதும் இல்லை. 45-க்குக் கீழே இந்த மருந்தை நீட்டாமல் இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

மற்ற உலோகங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

பாதரசம் என்ன உருவில் வருகிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். தெர்மாமீட்டர் உடைந்து அந்த வெள்ளி உருண்டையை விழுங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அது குடல் வழியே அப்படியே போய்விடும். அதே உருண்டை தரையில் கிடந்து ஆவியானால் நுரையீரல் வழியாக மூளைக்குப் போகும். (வேக்குவம் கிளீனர் போட்டு உறிஞ்சுவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. அது ஆவியை அறை முழுக்கத் தெளிக்கும்.) கொடைக்கானலில் 1983 முதல் 2001 வரை ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஓடியது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் அகப்பட்டு, விஷயம் வெடித்து, ஆலை மூடியது. இப்படிப்பட்ட வழக்குகளில் ஒரு சங்கடம் உண்டு. சிறுநீரில் பாதரசம் ஓரிரு மாதத்தில் பாதியாகிவிடும். வேலையை விட்டுச் சில வருஷம் கழித்துச் சோதித்தால், சுத்தமாக இருக்கிறது என்று முடிவு வரும். அன்றைக்கு என்ன இருந்தது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

பாதரசம் கரிமச் சேர்மமாக வந்தால் மருந்தும் கைவிரிக்கும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தைக் கையாளும்போது சில துளி கையுறைமேல் விழுந்தது. லேடெக்ஸ் கையுறை. அந்தத் திரவம் சில வினாடியில் அதை ஊடுருவிப் போய்விடும் என்று அன்று யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடை தள்ளாடி, பேச்சு குழறி, டிஎம்எஸ்ஏ கொடுத்தும் பயனில்லாமல் 1997 ஜூனில் இறந்தார். இந்த வகைக்கு டைமெர்கப்ரால் கொடுக்கவே கூடாது, பாதரசத்தை மூளைக்குத் தள்ளிவிடும்.

ஆர்செனிக் ஒரேயடியாக உள்ளே போனால் காலரா போல வாந்தி பேதி. அப்போது டைமெர்கப்ரால் வேலை செய்யும். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நடப்பது வேறு. ஆழ்குழாய்த் தண்ணீரில் இருப்பதை வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, உள்ளங்கையில் முண்டுமுண்டாகத் தடித்து, புற்றுநோய் வரை போகும் கதை. இவர்களுக்கு டிஎம்எஸ்ஏ கொடுத்து மேற்கு வங்கத்தில் செய்த ஆய்வு 1998-இல் வந்தது. வெற்று மாத்திரையைவிட அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

தாலியத்துக்கு முறிமருந்து, பெயின்ட். நிஜமாகவே பெயின்ட். ஓவியர்கள் மூன்று நூற்றாண்டாகத் தீட்டிவரும் பிரஷ்ய நீலத்தை வாயில் கொடுப்பார்கள். அது உடம்பில் ஏறாது. குடலுக்குள் வந்து வந்து போகும் தாலியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேறும். மலம் நீலமாகப் போகும், முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் நோயாளி பயந்துவிடுவார். பிரேசிலின் கோயானியாவில் 1987-இல் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து கதிரியக்க சீசியம் ஊரில் பரவியபோதும் இதே நீலம்தான் உதவியது. காட்மியத்துக்கு உருப்படியான மருந்தே கிடையாது. அது சிறுநீரகத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

கடைசியாக, இந்த மருந்துகளை வைத்து நடக்கும் வியாபாரம். காலைத் தண்ணீரில் வைத்தால் விஷம் பழுப்பாக இறங்குகிறது என்று ஒரு இயந்திரம் காட்டுவார்கள். பழுப்பு, மின்முனை துருப்பிடிக்கும் நிறம். கால் வைக்காமலே ஓடவிட்டாலும் அதே நிறம்தான் வரும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. சிறுநீர்ச் சோதனை வித்தை அப்படியில்லை. முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைப் பிடித்து, மருந்தே சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டு, உங்கள் உடம்பில் உலோகம் நிறைய இருக்கிறது என்று சீட்டு தருவார்கள். யாருக்குக் கொடுத்தாலும் கூடத்தான் செய்யும், மருந்தின் வேலையே அதுதானே? அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டிருக்கிறது. (நியாயமான ஆர்செனிக் சோதனைகூட முந்தைய சில நாள் மீன், இறால் சாப்பிட்டிருந்தால் தப்பாகும். கடல் உணவில் இருக்கும் தீங்கில்லாத ஆர்செனிக்கும் கணக்கில் சேர்ந்துவிடும்.)

ஆட்டிசத்துக்குக் கீலேஷன் என்று ஒரு காலத்தில் பெரிய அலை அடித்தது. 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயசு ஆட்டிசக் குழந்தைக்கு நரம்பு வழியாக இடிடிஏ ஏற்றினார்கள். கால்சியம் ஏற்றிய இடிடிஏ இல்லை, சோடியம் மட்டும் உள்ள இடிடிஏ. ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கி இதயம் நின்றது. அதே வருஷம் டெக்சாஸில், உண்மையிலேயே ஈய விஷம் இருந்த இரண்டு வயசுக் குழந்தையும் ஆஸ்பத்திரியில் இதே மருந்து மாறிப்போனதால் இறந்தது. இரண்டு மருந்துகளின் பெயர்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் கால்சியம் என்ற ஒரு சொல்.

இதய அடைப்பைக் கீலேஷன் கரைக்கும் என்பது இன்னொரு நெடுநாள் நம்பிக்கை. 2013-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொஞ்சம் நன்மை காட்டியது. முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. சரி, அவர்களை மட்டும் வைத்து மறுபடி பார்ப்போம் என்று இன்னொரு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2024-இல் வந்தது. இடிடிஏ ஏற்றியவர்களின் ரத்த ஈயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. மாரடைப்பும் சாவும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு.